தாத்தா வலை பின்னும் 84 துண்டுகள்: படத்தொகுப்பை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?

1 | கெடிலக்கரை

அனைவருக்கும் வணக்கம். நான் கடலூரில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கும் மாணவி. என் தாத்தா கடலுக்குப் போவதை நிறுத்திப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன; ஆனாலும் விடியும் முன்பே தேவனாம்பட்டினம் கரைக்கு வந்து உட்கார்ந்து, அக்கம்பக்கத்தாரின் கிழிந்த வலைகளைப் பின்னிக் கொடுக்கிறார். அவரைப் பற்றிப் பத்து நிமிடத்துக்குள் அடங்கும் ஓர் ஆவணப்படம் செய்ய விரும்பி, மூன்று நாள் காலையில் கைப்பேசியில் படம்பிடித்தேன். மொத்தம் 84 துண்டுகள், 2 மணி 50 நிமிடம். அவருடைய பேச்சை மட்டும் இரவல் வாங்கிய ஒலிப்பதிவுக் கருவியில் தனியாகப் பதிந்தேன்.

எல்லாவற்றையும் மடிக்கணினியில் ஏற்றி டாவின்சி ரிசால்வ் மென்பொருளைத் திறந்தால் படம் திக்கித் திக்கி ஓடுகிறது. தனியாகப் பதிந்த பேச்சை முதல் சொல்லில் உதட்டோடு பொருத்தி வைத்தால், பத்து நிமிடம் கழித்து உதடு ஒரு பக்கமும் சொல் ஒரு பக்கமுமாகப் பிரிந்துவிடுகிறது. முதலில் எஃபெக்ட் கற்றுக்கொள் என்கிறாள் ஒரு தோழி. கலர் செய்வதைக் கற்றுக்கொள் என்கிறாள் இன்னொருத்தி. யூடியூபில் கிடைக்கும் பாடங்களைப் பார்த்தால் எந்தப் பொத்தான் எங்கே இருக்கிறது என்பது தெரிகிறது. 84 துண்டுகளில் எதை முதலில் வைப்பது என்பது தெரியவில்லை. எந்த வரிசையில் கற்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

2 | முத்தியால்பேட்டை

வணக்கம் அம்மா. நான் 1980-களின் இறுதியில் சென்னையில் உதவிப் படத்தொகுப்பாளராக வேலைக்குச் சேர்ந்து, பிறகு கணினிக்கு மாறி, இப்போது புதுச்சேரியில் ஓய்வாக இருப்பவன். உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிதான் உண்மையான கேள்வி என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

நாங்கள் கற்ற காலத்தில் படம் என்பது கையில் பிடிக்கும் பொருளாக இருந்தது. 35 மி.மீ. படச்சுருளில் ஓர் அடிக்கு 16 ஃபிரேம், அதாவது 16 தனித்தனி அசையாப் படங்கள். நொடிக்கு 24 ஃபிரேம் என்ற கணக்கில் ஒரு நிமிடப் படத்துக்கு 90 அடி. உதவியாளனாகச் சேர்ந்தவனுக்கு முதல் ஆண்டு முழுவதும் வெட்டும் வேலையே கிடையாது. வந்த ரஷ், அதாவது படம்பிடித்த வெட்டாத சுருள், அத்தனையையும் ஒலியோடு பொருத்துவது, எண் எழுதுவது, எந்த டேக்கில் யார் எப்போது திரும்பினார்கள் என்று நோட்டில் குறிப்பது, வெட்டியெடுத்த துண்டுகளைத் துணித் தொட்டிக்கு மேல் ஆணியில் வரிசையாகத் தொங்கவிடுவது, ஆசிரியர் கேட்ட உடனே அந்த மூன்று ஃபிரேம் துண்டைத் தேடி எடுத்துக் கொடுப்பது ஆகியவைதான் எங்கள் படிப்பு. அதைக் கொடுமை என்று அப்போது நினைத்தேன். எந்தத் துண்டில் என்ன இருக்கிறது என்று மனப்பாடமாக அறிந்தவன்தான் படத்தைத் தொகுக்க முடியும் என்பது பின்னால்தான் புரிந்தது.

ஆகவே நீங்கள் இரண்டு நாள் மென்பொருளைத் திறக்காதீர்கள். ஒரு நோட்டை எடுத்து, 84 துண்டுகளையும் நடுவில் நிறுத்தாமல் முழுமையாகப் பார்த்து, துண்டின் எண், அதில் என்ன நடக்கிறது, பார்க்கும்போது உங்கள் மனத்தில் எந்த நொடியில் ஏதாவது அசைந்தது ஆகிய மூன்றையும் எழுதுங்கள். கேமராவை அணைக்க மறந்து தரை பதிவான துண்டையும் விடாமல் எழுத வேண்டும். முதல் முறை பார்க்கும்போது எழும் உணர்வு இரண்டாம் முறை வராது. பார்வையாளர் உங்கள் படத்தை ஒரே முறைதான் பார்க்கப் போகிறார் என்பதால் அந்த முதல் உணர்வே உங்களுக்கு அளவுகோல்.

3 | லாஸ்பேட்டை

ஐயா சொன்ன நோட்டு வேலையைச் செய்யும் அந்த இரண்டு நாளில், கணினி தன் பங்குக்குச் செய்ய வேண்டிய வேலைகள் உள்ளன. தொழில்நுட்பச் சிக்கல் இரண்டையும் நான் விளக்குகிறேன்.

முதலாவது, படம் திக்குவது. கைப்பேசி எச்.264 அல்லது எச்.265 முறையில் சுருக்கிப் பதிவு செய்கிறது. வீட்டுக் கணக்கு நோட்டில் முதல் தேதி மட்டும் முழு இருப்பையும் எழுதிவிட்டு, மறுநாளிலிருந்து அன்றன்றைய வரவு செலவை மட்டும் எழுதுவதைப் போன்றது இந்த முறை. 17ஆம் தேதி இருப்பு எவ்வளவு என்று கேட்டால் முதல் தேதியிலிருந்து கூட்டிக் கழித்து வர வேண்டும். அதேபோல் முழு ஃபிரேம் எப்போதோ ஒன்றுதான் கோப்பில் இருக்கிறது. மற்றவை முன்பின் ஃபிரேம்களிலிருந்து மாறிய பகுதிகள் மட்டுமே. துண்டுகளை வரிசையாக அடுக்கும் டைம்லைனில் நீங்கள் ஓர் இடத்தில் நிறுத்தும்போதெல்லாம் கணினி அந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கிறது. இதற்குத் தீர்வு ப்ராக்ஸி: ஒவ்வொரு கோப்புக்கும் அளவு குறைந்த நகலை, ஃபிரேம்கள் தனித்தனியாக முழுமையாக இருக்கும் புரோரெஸ் அல்லது டிஎன்எக்ஸ்எச்ஆர் வடிவில் உருவாக்கி, நகலை வைத்துத் தொகுத்து, இறுதி ஏற்றுமதியின்போது மூலத்துக்கு மாறிக்கொள்வது. ரிசால்விலேயே இந்த வசதி இருக்கிறது. உங்கள் கணினியில் 8 ஜிபி நினைவகம்தான் இருக்கிறது என்றால் ரிசால்வ் மூச்சுத் திணறும். கேடென்லைவ் என்ற இலவச மென்பொருள் அதைவிட எடை குறைவானது, ப்ராக்ஸி வசதியும் அதில் உண்டு.

இரண்டாவது, உதடு விலகுவது. ஒலிப்பதிவுக் கருவி ஒலியை நொடிக்கு 48,000 முறை அளந்து நிலையான வேகத்தில் ஓடுகிறது. கைப்பேசியோ வெளிச்சத்துக்கும் தன் சூட்டுக்கும் ஏற்ப ஃபிரேம் வேகத்தைக் கொஞ்சம் கூட்டிக் குறைத்துக்கொண்டே பதிவு செய்கிறது. நொடிக்கு 30 ஃபிரேம் என்று காட்டும் கோப்பின் உண்மையான சராசரி 29.97 என்றாலே, பத்து நிமிடத்தில் 0.6 நொடி, அதாவது 18 ஃபிரேம் விலகிவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவசக் கருவியில் நிலையான ஃபிரேம் வேகம் என்பதைத் தேர்ந்து எல்லாக் கோப்புகளையும் முதலில் மாற்றிக்கொள்ளுங்கள். மாற்றிய பின்னும் சிறு விலகல் எஞ்சினால், ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கத்திலும் ஒலியை வெட்டி மறுபடி பொருத்திக்கொள்ளலாம். பத்து நிமிடப் பேச்சை முழு நீளமாக யாரும் பயன்படுத்தப் போவதில்லை.

இந்தப் படத்தை 30-லேயே முடியுங்கள். 25-க்கு மாற்றினால் ஆறு ஃபிரேமுக்கு ஒன்று காணாமல் போய் அசைவு வெட்டி வெட்டித் தெரியும். ரிசால்வில் டைம்லைனின் ஃபிரேம் வேகத்தைத் தொடக்கத்திலேயே சரியாக வைக்க வேண்டும். பிறகு மாற்ற அது அனுமதிக்காது. அடுத்த படத்துக்கு 25 ஃபிரேமும் 1/50 நொடி ஷட்டரும் வைத்துக்கொள்ளுங்கள்: நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் குழல் விளக்கின் கீழும் படம் மினுக்காது.

இன்னும் ஒன்று. 4கே படம் நொடிக்கு 50 மெகாபிட் வேகத்தில் பதிவானால் ஒரு மணிக்கு 22.5 ஜிபி, உங்கள் மூன்று நாள் உழைப்பு சுமார் 64 ஜிபிதான். அதை வேறொரு ஹார்ட் டிஸ்கில் நகலெடுத்து, வேறொரு வீட்டில் வையுங்கள். 2015 இறுதியில் கடலூரில் வெள்ளம் வந்தபோது உறவினர் வீட்டுத் தரைத்தளத்தில் என் கணினியும் ஹார்ட் டிஸ்கும் அருகருகே இருந்தன. இரண்டும் ஒன்றாக நனைந்தன. அதில் என் பாட்டியின் குரல் இருந்தது.

4 | நெல்லிக்குப்பம்

நான் திருமண வீடியோ தொகுப்பவன்; இருபத்தைந்து ஆண்டுகளாக இதே தொழில். மூத்தவரிடம் மரியாதையுடனே மாறுபடுகிறேன். இந்தத் தலைமுறைப் பிள்ளைகளிடம் இரண்டு நாள் மென்பொருளைத் தொடாதே என்று சொன்னால் மூன்றாம் நாள் ஆர்வமே வற்றிவிடும். நீச்சலைக் கரையில் நின்று கற்க முடியாது. எதையாவது வெட்டி, ஒட்டி, கெடுத்து, மறுபடி சரி செய்யும்போதுதான் கை பழகும்.

நான் இரண்டு விசிஆர்களை இணைத்து டேப்பிலிருந்து டேப்புக்குத் தொகுத்தவன். முகூர்த்தத்துக்கு நடுவில் பெரியப்பா முகம் விடுபட்டுவிட்டது என்று வீட்டார் சொன்னால், அந்த இடத்திலிருந்து கடைசி வரை எல்லாவற்றையும் மறுபடி பதிய வேண்டும். கணினி வந்ததும் அந்தத் தொல்லை ஒழிந்தது. புதிதாகத் தொடங்குகிறவர்கள் ஏன் ஒழிந்தது என்று புரிந்துகொண்டால் பாதி பயம் போய்விடும்: டைம்லைனில் இருப்பது உங்கள் படம் அன்று, இந்தக் கோப்பில் இந்த ஃபிரேமிலிருந்து இந்த ஃபிரேம் வரை காட்டு என்ற முகவரி மட்டுமே. எவ்வளவு வெட்டினாலும் மூலக் கோப்பில் ஒரு கீறலும் விழாது. அதே காரணத்தால்தான், மூலக் கோப்பு இருக்கும் ஃபோல்டரின் பெயரை மாற்றினாலோ வேறிடத்துக்கு நகர்த்தினாலோ டைம்லைன் முழுவதும் சிவப்பாகி மீடியா ஆஃப்லைன் என்று எழுதிக் காட்டுகிறது. முகவரி இருக்கிறது, வீடு இடம் மாறிவிட்டது. பதற வேண்டாம், புதிய இடத்தைக் காட்டினால் எல்லாம் திரும்பி வந்துவிடும்.

விசைப்பலகையில் முதல் நாளே பழக வேண்டியவை ஐந்து எழுத்துகள். ஜே பின்னால் ஓட்டும், கே நிறுத்தும், எல் முன்னால் ஓட்டும். ஐ தொடக்கப் புள்ளி, ஓ முடிவுப் புள்ளி. மவுசைத் தொடாமல் இந்த ஐந்தை மட்டும் வைத்து ஒரு மணி நேரம் பழகுங்கள். அடுத்து ரிப்பிள் டெலீட், அதாவது ஒரு துண்டை நீக்கினால் பின்னால் இருப்பவை தாமாக நகர்ந்து இடைவெளியை அடைத்துக்கொள்வது. இவை போதும், ஒரு படத்தை முடித்துவிடலாம்.

5 | வில்லியனூர்

எஃபெக்ட் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். நான் பணம் கட்டி மூன்று மாதப் பயிற்சி ஒன்றில் சேர்ந்தேன். எந்த இடம் என்று சொல்ல விரும்பவில்லை. புரள்வது, சுழல்வது, கிழிவது, வெடிப்பது என்று ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததற்கு மாறும் ட்ரான்சிஷன் நாற்பது வகை கற்றுத் தந்தார்கள். ஒரு ஷாட்டை ஏன் இந்த இடத்தில் முடித்தாய் என்று அந்த மூன்று மாதத்தில் ஒருவரும் என்னிடம் கேட்கவில்லை. சான்றிதழுடன் வெளியே வந்து நண்பரின் குறும்படத்தில் உட்கார்ந்தபோது, இரண்டு பேர் எதிரெதிரே பேசும் சாதாரணக் காட்சியை என்னால் தொகுக்க முடியவில்லை. அழுதேன் என்றே சொல்லலாம். முறையாகப் படிக்க விரும்புகிறவர்களுக்குத் தரமணியில் தமிழ்நாடு அரசின் எம்.ஜி.ஆர். திரைப்படம் மற்றும் தொலைக்காட்சிப் பயிற்சி நிறுவனத்திலும், புனேயில் உள்ள திரைப்படக் கல்லூரியிலும் படத்தொகுப்புக்கென்றே தனிப் படிப்பு இருக்கிறது. நான் அதை விசாரிக்காமல் போனது என் இழப்பு.

அதன் பிறகு நானாகச் செய்த ஒரு பயிற்சிதான் எனக்குக் கண்ணைத் திறந்தது. சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன் சோவியத் இயக்குநர் லெவ் குலெஷோவ், மோஸ்ஜுகின் என்ற நடிகரின் உணர்ச்சி காட்டாத ஒரே முகத்தை எடுத்து, ஒரு முறை சூப்புக் கிண்ணத்துக்குப் பக்கத்திலும், ஒரு முறை சவப்பெட்டியில் கிடக்கும் சிறுமிக்குப் பக்கத்திலும், ஒரு முறை ஓர் இளம்பெண்ணுக்குப் பக்கத்திலும் வைத்துக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் கண்டார்கள். முகம் மாறவே இல்லை.

சகோதரி, உங்கள் தாத்தா எங்கோ பார்க்கும் ஒரு ஷாட் நிச்சயம் இருக்கும். அதை அடுத்து வெறும் கடலை வையுங்கள். பிறகு கடலை எடுத்துவிட்டுக் கரையேறும் படகை வையுங்கள். பிறகு அவர் மடியில் கிடக்கும் கிழிந்த வலையை வையுங்கள். மூன்றையும் வீட்டில் வேறு வேறு ஆட்களிடம் காட்டி, அவர் என்ன நினைக்கிறார் என்று கேளுங்கள். எஃபெக்ட் ஒன்றும் தேவைப்படாது.

6 | முத்தியால்பேட்டை

நெல்லிக்குப்பம் தம்பி சொன்னதில் நியாயம் இருக்கிறது. கை பழக வேண்டும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அவருக்கு ஒரு சாதகம் இருக்கிறது: திருமணத்தில் மாலை மாற்றிய பிறகுதான் தாலி கட்டுவார்கள், வரிசையைச் சடங்கே கொடுத்துவிடுகிறது. கடற்கரையில் உட்கார்ந்து வலை பின்னும் மனிதரின் மூன்று காலைப் பொழுதுக்கு வரிசையை யாரும் கொடுப்பதில்லை, தொகுப்பவர்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குத்தான் நோட்டு.

எந்த மென்பொருள் என்பதைப் பற்றி இளைஞர்கள் அதிகம் கவலைப்படுகிறார்கள். வால்டர் மர்ச் என்ற அமெரிக்கப் படத்தொகுப்பாளர், கணினியில் தொகுத்த படத்துக்காக 1997-இல் படத்தொகுப்பின் ஆஸ்கரை வாங்கினார். கணினியில் தொகுத்த படத்துக்கு அந்த விருது கிடைத்தது அதுவே முதல் முறை. ஆனால் அவர் கற்றது படச்சுருளில். நம் பக்கத்தில் பீ. லெனினும் ஏ. ஸ்ரீகர் பிரசாத்தும் அப்படிச் சுருளில் தொடங்கி வந்தவர்களே. கருவி மாறியபோது அவர்கள் மறுபடி கற்றது விசைகளை மட்டும்தான்.

புதுச்சேரி அரசு ஆண்டுதோறும் நடத்தும் இந்தியத் திரைப்பட விழாவுக்கு, சங்கரதாஸ் சுவாமிகள் விருது வழங்கும் அந்த விழாவுக்கு, நான் தவறாமல் போவேன். கற்கிறவர்களும் வாருங்கள். ஒரு காட்சியை எடுத்துக்கொண்டு, கதையை விட்டுவிட்டு, கட் விழும்போதெல்லாம் விரலால் தொடையில் தட்டிக்கொண்டே பாருங்கள். பேச்சு முடிந்த பிறகு கட் விழுகிறதா, பேச்சின் நடுவிலேயே விழுகிறதா என்று கவனியுங்கள். ஒரு மாலைப் பொழுதில் நிறையப் புரியும்.

7 | வைத்திக்குப்பம்

நான் ஒலித் துறையில் இருக்கிறேன். உதட்டோடு பொருத்துவதைத் தவிர இதுவரை யாரும் ஒலியைப் பற்றிப் பேசாதது எனக்கு வருத்தம், ஆனால் வியப்பில்லை. நம் திரைப்படங்கள் பெரும்பாலும் டப்பிங்கிலேயே வளர்ந்தவை என்பதால், படம்பிடிக்கும் இடத்தின் ஒலியைக் காப்பாற்ற வேண்டும் என்ற பழக்கமே நமக்குக் குறைவு.

கடற்கரையில் எடுத்த படத்தை வெட்டும்போது படத்தில் கட் தெரியாவிட்டாலும் காதில் தெரியும். ஒரு ஷாட்டில் அலை ஏறிக்கொண்டிருக்கும், அடுத்த ஷாட்டில் வடிந்துகொண்டிருக்கும். ஒட்டிய இடத்தில் இரைச்சல் படிக்கட்டுபோல் தடுக்கும். இதைச் சரிசெய்ய, அதே இடத்தில் யாரும் பேசாமல் இரண்டு நிமிடம் பதிந்த வெறும் சூழல் ஒலி வேண்டும். அதை முழு நீளத்துக்கும் அடியில் பாய்போல் விரித்துவிட்டு, மேலே உள்ள ஒவ்வொரு ஒலித் துண்டின் இரு முனைகளிலும் இரண்டு மூன்று ஃபிரேமுக்குச் சாய்வு கொடுத்தால் தடுக்கல் மறைந்துவிடும். காற்றின் உறுமலை 80 ஹெர்ட்ஸுக்குக் கீழ் வெட்டி ஓரளவு குறைக்கலாம். பேச்சின் உச்சம் மென்பொருளின் ஒலி மீட்டரில் -12 முதல் -6 டெசிபலுக்குள் நிற்கட்டும். பூஜ்யத்தைத் தொட்டுக் கிழிந்த ஒலியை யாராலும் மீட்க முடியாது. இதையெல்லாம் ஹெட்ஃபோன் வைத்துச் செய்யுங்கள், மடிக்கணினியின் ஒலிபெருக்கியை நம்பாதீர்கள்.

இதற்கும் மேலாக ஒன்று. படமும் ஒலியும் ஒரே ஃபிரேமில் வெட்டப்பட வேண்டும் என்ற கட்டாயமில்லை. தாத்தாவின் குரல் முதலில் வரட்டும், கடல் திரையில் இருக்கும்போதே. இரண்டு நொடி கழித்து அவர் முகம் வரட்டும். இதை ஜே கட் என்பார்கள். முகம் போன பிறகும் குரல் நீடித்து அடுத்த படத்தின் மேல் விழுந்தால் அது எல் கட். டைம்லைனில் ஒலி இடப்புறம் நீண்டால் ஜே எழுத்தைப் போலவும், வலப்புறம் நீண்டால் எல் எழுத்தைப் போலவும் தோன்றுவதால் வந்த பெயர்கள். தொடக்கநிலைப் படங்கள் விறைப்பாகத் தெரிவதற்குப் பெரும்பாலும் காரணம், எல்லா இடத்திலும் படமும் ஒலியும் ஒன்றாகவே வெட்டப்பட்டிருப்பதுதான்.

8 | கெடிலக்கரை

பத்து நாள் கழித்து வருகிறேன். அனைவருக்கும் நன்றி. கோப்புகளை நிலையான வேகத்துக்கு மாற்றியதும் உதடும் சொல்லும் ஒன்றாயின. கேடென்லைவில் ப்ராக்ஸி வைத்ததும் படம் தடையில்லாமல் ஓடுகிறது. நகல் ஒன்று அத்தை வீட்டில் இருக்கிறது. நோட்டில் பதினெட்டுப் பக்கம் எழுதினேன். மூன்று பார்வைப் பயிற்சியையும் செய்தேன்: வெறும் கடலைப் பார்த்த அம்மா, இறந்துபோன மாமாவை நினைக்கிறார் என்றார், படகைப் பார்த்த தம்பி, மீன் வந்ததா என்று பார்க்கிறார் என்றான். ஒரே ஷாட் என்று நான் சொன்னபோது இருவரும் நம்பவில்லை.

9 நிமிடத்துக்கு ஒரு முதல் வடிவம் செய்து இணைப்பில் வைத்திருக்கிறேன். மூன்று இடங்களில் சிக்கிக்கொண்டேன். ஒன்று, அவர் வலை பின்னும் இடத்தில் தூர ஷாட்டிலிருந்து கைகளின் நெருக்கத்துக்கு வரும்போது ஒரு குதிப்பு தெரிகிறது. இரண்டு, முதல் நாள் ஷாட்டையும் இரண்டாம் நாள் ஷாட்டையும் சேர்த்தால் அவர் திடீரென எதிர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்ததுபோல் இருக்கிறது; அவர் இடம் மாறவே இல்லை. மூன்று, அவர் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கும் 11 நொடி ஷாட்டை எவ்வளவு வைப்பது என்று தெரியவில்லை.

9 | முத்தியால்பேட்டை

முழுவதும் பார்த்தேன் அம்மா, இரண்டு முறை. முதல் வடிவமே இப்படி வந்திருப்பது எனக்கு மகிழ்ச்சி.

குதிப்பை எடுத்துக்கொள்வோம். தூர ஷாட்டில் அவர் ஊசியைக் கண்ணிக்குள் நுழைத்து, நூலை இழுத்து, முடிச்சை இறுக்கி, கையைக் கீழே வைக்கிறார். நீங்கள் கை ஓய்ந்த பிறகு வெட்டி, நெருக்கத்தில் அடுத்த நுழைப்பிலிருந்து தொடங்கியிருக்கிறீர்கள். ஓய்ந்த இடத்தில் பார்வையாளரின் கண்ணும் ஓய்கிறது. ஓய்ந்த கண்ணுக்கு மாற்றம் உடனே தெரியும். நூலை இழுக்கும் அந்த வேகத்தின் நடுவில் வெட்டுங்கள். தூர ஷாட்டில் கை பாதி தூரம் வெளியே வரட்டும், நெருக்கத்தில் மீதிப் பாதி தொடரட்டும். கண் அசைவைத் துரத்திக்கொண்டிருப்பதால் கட்டைக் கவனிக்காது. கணக்குப்படி சரியாகப் பாதியில் சேர்த்தால் ஏனோ சற்று விழுங்கியதுபோல் தெரியும். நெருக்க ஷாட்டில் இரண்டு மூன்று ஃபிரேம் முன்னதாகவே தொடங்கி, அசைவு சிறிதளவு மறுபடி வரும்படி வைத்துப் பாருங்கள். ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்தி ஓட்டிப் பார்த்தால் ஓர் இடத்தில் நூல் இறுகும் ஓசையே உங்களுக்குச் சொல்லிவிடும்.

இரண்டாவதற்குக் காரணம் சூரியன் என்று ஊகிக்கிறேன். முதல் நாள் நீங்கள் மேற்கே ஊர்ப்பக்கம் நின்று கடலை நோக்கி எடுத்திருக்கிறீர்கள். வடக்கே பார்த்து உட்கார்ந்திருக்கும் அவர் திரையில் இடப்பக்கம் பார்க்கிறார். எதிர்வெயிலில் முகம் கறுத்ததால் இரண்டாம் நாள் அலையோரம் போய் நின்று ஊரை நோக்கி எடுத்திருப்பீர்கள். இப்போது அவர் வலப்பக்கம் பார்க்கிறார். அவருடைய பார்வைக்கும் அவர் பார்க்கும் இடத்துக்கும் இடையே ஒரு கோடு இருப்பதாக வைத்துக்கொண்டால், நீங்கள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டீர்கள். 180 பாகை விதி என்பது இதுதான். தாண்டக் கூடாது என்பதில்லை. தாண்டுவதைப் பார்வையாளருக்குக் காட்ட வேண்டும், அல்லது நடுவில் திசையில்லாத ஒரு ஷாட்டை, மேலிருந்து எடுத்த கைகளைப் போன்ற ஒன்றை, வைக்க வேண்டும். உங்கள் நோட்டில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள்.

பேச்சில் ஒரு திருத்தம். வலை பின்னுவது எப்படி என்று அவர் சொல்லும் ஒரு நிமிடத்தை எடுத்துவிடலாம். கைகள் அதைக் காட்டிவிட்டன. இரண்டும் இருந்தால் ஒன்றை ஒன்று பலவீனப்படுத்துகிறது.

10 | நெல்லிக்குப்பம்

11 நொடி மிக நீளம் தங்கச்சி. என் அனுபவத்தில் பேச்சில்லாத முகத்தை நான்கு நொடிக்கு மேல் வைத்தால் வீட்டார் கைப்பேசியை எடுத்துவிடுகிறார்கள். நான்கில் வெட்டிவிட்டுக் கடலுக்குப் போங்கள்.

11 | முத்தியால்பேட்டை

தம்பி, அதைத்தான் வெட்டக் கூடாது என்பேன். ஆறாம் நொடியில் அவர் கண் இமைக்காமல் நிற்கிறது, எட்டாம் நொடியில் தாடை சிறிது அசைகிறது. நான்கில் வெட்டினால் அவர் கடலைப் பார்த்தார் என்ற செய்தி மட்டும் போய்ச் சேரும். எட்டைத் தாண்டினால் அவர் கடலை விட்டுவிட்டவர் என்பது போய்ச் சேரும்.

12 | வைத்திக்குப்பம்

ஷாட்டின் நீளத்தைப் படத்தை வைத்து மட்டும் முடிவு செய்கிறீர்கள். அந்த 11 நொடியில் ஏழாவது நொடி அளவில் தூரத்தில் ஒரு படகின் என்ஜின் கிளம்பி, விலகிப் போகும் ஓசை பதிவாகியிருக்கிறது, ஹெட்ஃபோனில் கேளுங்கள். அந்த ஓசை முழுவதும் அடங்கும் வரை ஷாட்டை வைத்தால் யாருக்கும் நீளமாகத் தெரியாது, ஏனெனில் அவரோடு சேர்ந்து நாமும் எதையோ கேட்டுக்கொண்டிருப்போம்.

13 | கெடிலக்கரை

அக்கா சொன்ன பிறகுதான் அந்த என்ஜின் ஓசை எனக்குக் கேட்டது. மூன்று நாளும் அங்கேயே நின்றிருந்தும் அதை நான் கேட்டதே இல்லை. 11 நொடியையும் அப்படியே வைத்துவிட்டேன். ஓசை அடங்கிய இரண்டு ஃபிரேமுக்குப் பிறகு கட் விழுகிறது.

திசைச் சிக்கலுக்கு நோட்டில் விடை கிடைத்தது. 61ஆம் துண்டு. இரண்டாம் நாள் நான் ஊர்ப்பக்கத்திலிருந்து அலையோரத்துக்கு இடம் மாறும்போது பதிவை நிறுத்த மறந்து, கேமராவைக் கையில் பிடித்தபடியே அவரைச் சுற்றி நடந்திருக்கிறேன். ஆட்டமும் அசைவுமாக ஆறு நொடி. வீண் என்று எழுதி, ஐயா சொன்னதற்காக மட்டும் எண்ணைக் குறித்து வைத்திருந்தேன். அதில் தாத்தா தலை நிமிர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு மறுபடி வலைக்குத் திரும்புகிறார். அதை இரண்டு நாளுக்கும் நடுவில் வைத்ததும் எல்லாம் பொருந்திவிட்டது. படத்தில் அவர் சிரிக்கும் ஒரே இடமும் அதுதான்.

14 | நெல்லிக்குப்பம்

புதிய வடிவத்தைப் பார்த்தேன். 11 நொடி விஷயத்தில் நான் சொன்னது தவறு. 61ஆம் துண்டை நானாக இருந்தால் முதல் நாளே டெலீட் செய்திருப்பேன். அடுத்த முகூர்த்தத்துக்கு நானும் ஒரு நோட்டு வாங்கப் போகிறேன்.

15 | கெடிலக்கரை

இப்போது 6 நிமிடம் 40 நொடி. மீதம் இருப்பது சூழல் ஒலிதான். அன்று பதியத் தோன்றவில்லை. ஒலிப்பதிவுக் கருவியை இன்னொரு நாளுக்கு இரவல் கேட்டிருக்கிறேன். நாளை விடியற்காலை ஐந்து மணிக்குத் தாத்தாவுடன் கரைக்குப் போகிறேன்.

16 | வைத்திக்குப்பம்

அவர் வழக்கமாக உட்காரும் அதே இடத்தில், அவர் காது உயரத்தில் மைக்கைப் பிடியுங்கள். முதலில் தேதியையும் இடத்தையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டு இரண்டு நிமிடம் அசையாமல் நில்லுங்கள்; படகுகள் கிளம்பும் முன் ஒரு முறை, கிளம்பிப் போன பின் ஒரு முறை. அன்று படம்பிடித்தபோது தென்காற்று அடித்ததாக முதல் துண்டில் தாத்தாவே சொல்கிறார். நாளை காற்று வேறு திசையில் இருந்தால் அவரையே கேளுங்கள், எந்த நாளில் வந்தால் அதே சத்தம் கிடைக்கும் என்று அவர் சொல்வார்.